'திருப்பிச் சொல்லு' அக்கா

யார் எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளாத பிறவி உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஆபீஸ் 'திருப்பிச் சொல்லு' அக்காதான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் வரும்.

கீரனூரில் உரக்கடை மாடியில் நாலு பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் ஆபீஸ் எங்களுடையது. அக்கா குன்றாண்டார்கோவிலிலிருந்து பஸ்ஸில் வருவார். "கீரனூர் ஒண்ணு. எந்த ஊரு கேட்டேன், திருப்பிச் சொல்லுங்க" என்று கண்டக்டரைப் படுத்துவார். சீனி இல்லாத டீ என்று டீ மாஸ்டர் தன் வாயால் சொல்லும்வரை கடையை விட்டு நகரமாட்டார். ஒரு டாக்டரிடமும் இதையே கேட்கப்போக, அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாராம்.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஏ.ஐ. ஏஜென்ட் வந்து சேர்ந்தது. என்ன வேண்டும் என்று எழுதினால், தானே புரோகிராம் எழுதிக் கொடுத்துவிடும். நாங்கள் ஒரு வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். அக்கா மட்டும் இப்படித் தட்டுவார்: "தம்பி, இப்ப ஒண்ணும் எழுத வேணாம். நான் என்ன கேட்டேன்னு மொதல்ல திருப்பிச் சொல்லுங்க."

அது பணிவாகப் பத்து வரியில் திட்டம் போட்டுக் காட்டும். அக்கா ஆறு வரியை அடிப்பார். "பாருங்க, நான் ஜன்னல் கேட்டேன், இது மாடி கட்டப் பாக்குது!"

"அக்கா, அது மெஷினு. அதுக்குப் போயி வாங்க போங்கவா?"

"மெஷினுதான். அரைகொறையா சொல்றது நாமதானே தம்பி."

எனக்கு எரிச்சலாக வரும். அவசரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

ஒரு கல்யாண மண்டபக்காரர் புது வசதி ஒன்று கேட்டார். பொத்தானை அழுத்தினால் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போனில் பத்திரிகை போய்விட வேண்டும். அன்றைக்குப் பார்த்து அக்காவின் பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் உட்கார்ந்து, "பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பு, ஒருவரையும் விடாதே" என்று தட்டினேன். திட்டத்தை முதலில் காட்டட்டுமா என்று கேட்டது. அக்கா பழக்கிவிட்ட பழக்கம். வேண்டாம், வேலையைப் பார் என்றேன்.

அரை மணியில் முடித்துவிட்டது. சோதித்துப் பார்க்கப் பட்டியல் வேண்டுமே? என் மகள் காதுகுத்துக்கு எழுதி வைத்திருந்தது கையில் இருந்தது. அதையும் காதுகுத்துப் பத்திரிகையையும் ஏற்றி அழுத்தினேன். ஒருவரையும் விடவில்லை. என் மனைவியின் அண்ணனையும் விடவில்லை.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவோம். புருஷனும் பெண்டாட்டியும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவரை நேரில் அழைத்த பிறகுதான் ஊருக்கே பத்திரிகை. ஏஜென்டுக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்த மடையன் நான், சொல்லவில்லை.

மீமிசலில் மீன் வண்டி ஓட்டும் மச்சானிடமிருந்து உடனே போன் வந்தது. "மாப்ள, மெசேஜ்லயே ஒரு மடியையும் பாத்துக்கங்க. நான் வரல."

அவர் வராவிட்டால் காதுகுத்து இல்லை. மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள்.

அக்கா வந்து, நான் தட்டியதை ஒருமுறை வாசித்தார். திட்டவில்லை. "தட்டை எடுங்க தம்பி, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு நேர்ல போவோம். நானும் வாரேன்."

மச்சான் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மச்சான், அது சாஃப்ட்வேர் தப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அக்கா. "அண்ணே, ஒங்க வருத்தத்தைச் சொல்லுங்க. இன்னைக்கு நான் திருப்பிச் சொல்றேன். தப்பா சொன்னா திருத்துங்க."

மச்சான் பொரிந்து தள்ளினார். அக்கா குறுக்கே பேசவே இல்லை. முடிந்ததும் நிதானமாகச் சொன்னார்: "ஒரே தங்கச்சி. அவ புள்ள பொறந்தன்னைக்குக் கொட்டுற மழையில மொத ஆளா வந்து நின்னது நீங்க. அப்பேர்ப்பட்ட ஒங்களைப் பத்தோட பதினொண்ணா வச்சுட்டாங்க. சரியாண்ணே?"

மச்சான் தண்ணீர்க் குழாயை மூடினார். "சரிதான் தாயி" என்றார். கையைத் துடைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். காதுகுத்தில் என் மகளைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

மீமிசலிலிருந்து திரும்பிய மறுநாளே அக்கா மண்டபக்காரர் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்: தாய்மாமனை நேரில் அழைத்தாயிற்று என்று குறிக்கும்வரை பொத்தான் வேலை செய்யக்கூடாது. ஏஜென்ட் பிசகாமல் திருப்பிச் சொன்னது. மண்டபக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் பெருமையடிக்கிறார்.

அக்கா இப்போது வெளிநாட்டில், கணவரோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார்.

"நல்லாருக்கீங்களா தம்பி?"

"நல்லாருக்கேங்க்கா."

"திருப்பிச் சொல்லுங்க."

முதல் தடவை வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறது. இரண்டாம் தடவை பொய் வருவதில்லை. போன வாரம், "நீங்க இல்லாம ஆபீஸ் நல்லாவே இல்லக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்."