சேர்மனின் தலையும் முடியாத மேடும்

மேடுதிருத்தி என்றோர் இனம் உண்டு. இவர் மண்வெட்டி பிடித்ததில்லை, உள்ளங்கையில் காய்ப்பு இல்லை, வீட்டு வாசலில் மழைத் தண்ணீர் தேங்கினால் தாண்டிக் குதித்துப் போவாரே தவிர ஒரு கூடை மண் அள்ளிப் போடமாட்டார். ஆனால் கம்ப்யூட்டருக்குள் மலை கட்டுவார், பள்ளத்தாக்கு வெட்டுவார், ஓடை இழுப்பார், ஓடைக்கரையில் கல்லை வைத்துவிட்டு அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பி வைத்தபடி ஒரு மாதத்தை ஓட்டுவார். யாருக்காக? உலகம் ஆடி அலுத்து எப்போதோ கைவிட்ட ஒரு பழைய துப்பாக்கிச் சண்டை ஆட்டத்துக்காக. ஆட்டத்தோடு வந்த பாலைவனமும் பனிக்காடும் இவருக்குப் போதாது. சொந்த நிலம் வேண்டும்.

கென்யாவில் எங்கள் கியாந்தா கடைத்தெருவில் வங்கெச்சியின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தால் இந்த இனத்தை நேரில் பார்க்கலாம். அவள் கடை மிஷின்கள் அவள் அப்பாவைவிட மூத்தவை. புது ஆட்டம் போட்டால் இருமிக்கொண்டு படுத்துவிடும். அதனால் அந்தப் பழைய ஆட்டம் ஒன்றுதான் அங்கே ஓடுகிறது. அதில் நிலம் செய்கிறவர் என் மாப்பிள்ளை கிதைகா. தேயிலை எடைபோடும் கொட்டகையில் வேலை. எடையை மட்டும் சரியாகப் போடுவார். மற்ற எதையும் 'முடிந்தது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

மேடுதிருத்தியைத் தெருவில் அடையாளம் காண்பது சுலபம். எல்லோரும் நடக்கிற இடத்தில் இவர் படுத்திருப்பார். ஒருநாள் என் அவரைத் தோட்டத்தில் குப்புறக் கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி செத்துவிட்டார் என்று தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். புல்லைப் போட்டோ எடுக்கிறாராம். என் தேயிலைச் செடி ஒன்றையும் போட்டோ பிடித்துக்கொண்டு போய், அந்த ஒரே செடியை ஆட்டத்தில் மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் நட்டுவிட்டார். அந்தச் செடியின் இலையில் பூச்சி கடித்த ஓட்டை ஒன்று உண்டு. இப்போது மலை முழுக்க அதே ஓட்டை. ஒரே பூச்சி அத்தனை செடியையும் கடித்ததா என்று யார் கேட்பது?

நிஜ மலை இவருக்குப் பிடிக்காது. மழை விட்ட காலையில் கிரின்யாகா மலை முகத்திரையை விலக்கிக்கொண்டு நிற்கும்போது ஊரே தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நிற்கும். இவர் கண்ணைச் சுருக்குவார். "நல்ல மலைதான். ஆனா பனி முடியற எடத்துல கோடு மாதிரி தெரியுது பாருங்க. இன்னும் கொஞ்சம் தேய்ச்சு விட்டிருக்கலாம்." கடவுள் காதிலும் விழுந்திருக்கும்.

செய்யும் விதத்தையும் பார்த்திருக்கிறேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு தாள். வெளுப்பாகத் தடவினால் மேடு எழும்பும், கறுப்பாகத் தடவினால் பள்ளம் விழும். அவ்வளவுதான் படைப்பு. அந்த ஆட்டத்தில் தண்ணீர் எங்கும் ஒரே மட்டமாம், இறங்கி ஓடாதாம். அதனால் எங்கள் கதுயா ஆறு அங்கே நீளமான குட்டையாகக் கிடக்கிறது. அதற்காக ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்தார். பிறகு போலந்திலிருந்து இன்னொரு மேடுதிருத்தி 'உங்கள் ஓடைக்கரை அருமை' என்று எழுதிவிட்டானாம். தலைச்சன் பிள்ளை பிறந்தவர் போலக் கடைத்தெருவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று மட்டும் செய்யமாட்டார். ஆடமாட்டார். போர்க்களம் செய்தவருக்குத் துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆளில்லாத தன் மலையில் தனியாக நடந்துபோய்ப் புல்லைப் பார்ப்பார். யாராவது அங்கே குண்டு போட்டால் முகம் சுண்டிவிடும். "பாத்து சுடுங்கப்பா, அது புதுப் புல்லு."

இந்த மனிதர்தான் என் ஆட்டைப் பந்தயம் வைத்தவர்.

கதுயா ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் மேடு, அந்தப் பக்கம் எதிர்மேடு. நைரோபியிலிருந்து பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வந்ததும் இரண்டு மேட்டுக்கும் வங்கெச்சி கடையில் சண்டை ஆட்டம் நடக்கும். தோற்ற மேடு ஓர் ஆடு கொண்டுவந்து சுட வேண்டும். ஜெயித்த மேடு காலை நீட்டிக்கொண்டு தின்னும். பாலைவனத்தில் ஆடி ஆடி நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். இந்த முறை எங்கள் இரண்டு மேட்டையும் அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறேன், சொந்த மண்ணில் நம் பையன்கள் தோற்கமாட்டார்கள் என்று கிதைகா வாக்குக் கொடுத்தார். கொடுத்த வேகத்தில், "தோத்தா எங்க அத்தை வீட்டு சேர்மன நம்ம மேட்டு ஆடா எழுதிக்கோங்க" என்றும் சொல்லிவிட்டார்.

சேர்மன் என்பது என் கிடா. தாடியும் கனைப்பும் பார்த்து வைத்த பெயர். யாரும் பேச எழுந்தால் அதுவும் பேசும்.

மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது எங்களிடம் வழக்கம் இல்லை. வெட்கம், மரியாதை, இரண்டும் சேர்ந்த ஒன்று. திட்டவோ முடியாது. அதனால் அவர் என் மகள் நியாகியோவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது நான் ஆட்டிடம் பேசினேன்.

"சேர்மன், ஊர்ல சில பேர் இருக்காங்க. சொந்த வீட்டுக் கூரை ஒழுகுது, அடுத்தவ வீட்டு ஆட்டோட தலையத் தூக்கிப் பந்தயத்துல வெக்கிறாங்க. நல்லா இருக்கட்டும்."

அவரும் ஆட்டைப் பார்த்தே பதில் சொன்னார். "சேர்மன், அத்தைகிட்ட சொல்லு. தோக்க மாட்டோம். மேடு முக்கால்வாசி ஆயிடுச்சு."

"முக்கால்வாசி ஆயிடுச்சுன்னு போன கிறிஸ்துமஸ்லயே கேட்டேன்னு சொல்லு, சேர்மன்."

நியாகியோ தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் அத ஏன் நடுவுல இழுக்கறீங்க? அது பாவம், புல்லு திங்கட்டும்."

இப்போது ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். கிதைகா பிறந்தது எதிர்மேட்டில். பெண் எடுத்ததும் குடிவந்ததும் எங்கள் மேட்டில். ஆகவே இரண்டு மேட்டுக்காரர்களுக்கும் அவர்மேல் சந்தேகம். எதிர்மேட்டு அணித் தலைவர் தெயூரி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், கடைக்கு வந்து திரையைத் தடியால் தட்டினார்.

"என்னப்பா, பொண்டாட்டி ஊர வானத்துக்குத் தூக்கிட்ட? எங்க மேடு இத்தனை குட்டையா? உங்கம்மா உன்ன எந்த மேட்டுலடா பெத்தா?"

கிதைகா எதிர்மேட்டைக் கொஞ்சம் உயர்த்தினார். மறுநாள் எங்கள் பையன்கள் வந்தார்கள். "அண்ணே, அவங்க மேல நின்னு நம்ம தலையில சுடுவாங்க. எங்க சோறு தின்னுட்டு இப்படிப் பண்ணலாமா?" எங்கள் மேட்டைக் கொஞ்சம் உயர்த்தினார். தெயூரி திரும்பவும் வந்தார். நான்கூட, சேர்மனுக்குத் தீவனம் வைத்தபடி, நம் மேடு இன்னும் ஒரு சாண் இருந்தால் உன் தலை பிழைக்கும் என்று உரக்கச் சொன்னேன். ஆடு என்ன செய்யும்? கேட்க வேண்டியவர் கேட்டார். இப்படி ஆளுக்கு ஒரு சாணாக வளர்ந்து வளர்ந்து இரண்டு மேடும் கிரின்யாகாவுக்குப் பங்காளிகளாகிவிட்டன. நிஜத்தில் எங்கள் மேட்டில் பால்கேனைத் தலையில் சுமந்தபடி பாட்டுப் பாடிக்கொண்டு ஏறலாம்.

வங்கெச்சி மட்டும் எச்சரித்தாள். "கிதைகா, போதும். வீரன் பொறக்கற எடத்துல கொடி நட்டிருக்கியே, மேட்டத் தூக்குனா கொடி தானா மேல வராது. ஞாபகம் இருக்கா?"

"அது எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் நான்தானே கையால தூக்கி வெக்கிறேன்."

ஆட்ட நாள் வந்தது. கடை நிறைந்து, சன்னலில் தலைகள் தொங்கின. யாரையும் நம்ப முடியாது என்று சேர்மனைக் கயிற்றோடு கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அது கடை வாசலில் நின்று இரண்டு அணியையும் பார்த்துக் கனைத்தது. வங்கெச்சி மணியடிக்கப் போகும்போது கிதைகா கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். ரெண்டு மேடும் சமமா இல்ல. ஒரு முடி அளவுக்கு வித்தியாசம் கண்ணுல படுது."

"யாரு கண்ணுல?" என்றாள் வங்கெச்சி.

"என் கண்ணுல."

சொல்லுங்கள், இந்த இடத்தில் யாராவது அவர் கையைப் பிடித்திருக்க வேண்டாமா? பிடிக்கவில்லை. இரண்டு மேட்டுக்காரர்களுக்கும் அந்த ஒரு முடி தனக்குத்தான் வரும் என்று ஆசை. தடவினார். இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம், திரும்ப இதை. டீ ஆறிப்போனது. பிறகு சேமித்தார். எழுந்தார். நெற்றியைத் துடைத்தார். மணி அடித்தது.

வீரர்கள் பிறந்தார்கள். மலையின் வயிற்றுக்குள் பிறந்தார்கள்.

மேடு உயர்ந்துவிட்டது, கொடி பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. அந்த ஆட்டத்தில் மண்ணுக்கு அடியில் மண் கிடையாதாம், அடியிலிருந்து பார்த்தால் மலையே தெரியாதாம். இரண்டு மேட்டு வீரர்களும் துப்பாக்கியைப் பிடித்தபடி வெறும் வானத்தில் கீழே, கீழே, இன்னும் கீழே விழுந்துகொண்டே இருந்தார்கள்.

"யோவ், நான் எங்கய்யா இருக்கேன்?" என்று கத்தினார் தெயூரி.

"எங்க பக்கத்துலதான் விழுந்துட்டிருக்கீங்க, தலைவரே," என்றான் எங்கள் பையன் ஒருவன். "கையாட்டறேன் பாருங்க."

கிதைகாவின் முகத்தைப் பார்த்தேன். வெட்கமாவது வருத்தமாவது! திரையருகே குனிந்து, "அடியில இருந்து பாத்தா என் புல்லோட வேர் எடம் கொஞ்சம் தெரியுது. அதச் சரி பண்ணணும்," என்று முணுமுணுத்தார்.

யார் தோற்றது? பெரிய சச்சரவு. எங்கள் ஆடா, அவர்கள் ஆடா? என் கையில் கயிறு வியர்த்துவிட்டது. கடைசியில் வங்கெச்சி மேஜையைத் தட்டினாள்.

"எந்த மேடும் தோக்கல. தோத்தது மேடு செஞ்சவரு."

"அப்ப அவரு சொன்ன ஆட்டப் பிடிங்க!" என்றார் தெயூரி. நாலைந்து கைகள் சேர்மனை நோக்கி நீண்டன.

நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அதற்குள் எதிர்மேட்டுப் பெரியவர் ஒருவரே எழுந்து நின்றுவிட்டார். "கைய எடுங்கடா. மேடு தோத்திருந்தா அது மேட்டு ஆடு. மருமகன் தோத்தா மருமகன்தான் ஆடு கொண்டுவரணும். பொண்ணு எடுத்தா ஆடு மருமகன் வீட்டுல இருந்து மாமியார் வீட்டுக்குப் போகும். திரும்பி வருமா? ஆறு மேல ஏறுமா? நம்ம மேட்டுல பொறந்த பையன், நம்ம மானத்த வாங்காதீங்க."

சேர்மன் கனைத்தது. தீர்ப்பை ஏற்றுக்கொண்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

கிதைகா தன் அண்ணன் பட்டியிலிருந்து ஓர் ஆட்டைக் கொண்டுவந்தார். தோற்றவர்தான் சுட வேண்டும். ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டினார்கள். இரண்டு மேடும் வட்டமாக உட்கார்ந்தன. கறி வெந்து, மணம் எழுந்து, கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது. எல்லோரும் கத்தியைத் துடைத்து வைத்துக்கொண்டார்கள்.

"ஆச்சா?" என்றார் தெயூரி.

"கொஞ்சம் இருங்க. இந்தப் பக்கம் ஒரு ஓரம் நிறம் பத்தல."

திருப்பினார். அந்தப் பக்கம் கூடிவிட்டது. இந்தப் பக்கத்தை அதற்குச் சமமாக்க வேண்டும். திருப்பினார். கரியை நகர்த்தினார். நிறம் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். சப்பாத்தி விறைத்துப்போனது. வெயில் எதிர்மேட்டுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, விடுங்க," என்றாள் நியாகியோ. கேட்கவில்லை. வங்கெச்சி சொன்னாள், கேட்கவில்லை. தெயூரி போலீஸ் குரலில் அதட்டினார். "ஒரே ஒரு நிமிஷம், ஐயா."

நான் சேர்மனிடம் சொல்லிப் பார்த்தேன். "சேர்மன், கறி வெந்துடுச்சுன்னு சொல்லு." அது, தன் இனத்தான் ஒருவன் நெருப்பில் கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காமல், முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. வேறு வழி? எழுந்தேன். ஊர் பார்க்க, இரண்டு மேடும் பார்க்க, மருமகன் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"மாப்பிள்ள. போதும். எறக்குங்க."

கிதைகா அடிபட்டவர் போல நின்றார். பிறகு இறக்கினார். அவர் வாழ்க்கையில் முடித்த முதல் வேலை அதுதான். விளிம்பு கொஞ்சம் கரிந்திருந்தது, ருசிக்குக் குறைவில்லை.

எலும்பைக் கடித்து முடித்ததும் பெரியவர்கள் தொண்டையைச் செருமினார்கள். மாமியார் மருமகனிடம் நேராகப் பேசியது குற்றம். நல்ல காரணம்தான், இருந்தாலும் குற்றம். பரிகாரம், பெரியவர்களுக்கு ஓர் ஆடு. என்னிடம் இருப்பதோ ஒரே ஆடு. எல்லோர் கண்ணும் சேர்மனிடம் போனது.

"தர மாட்டேன்னா சொன்னேன்?" என்றேன். "தர்றேன். வழக்கம் வழக்கம்தான். ஆனா இப்படியே எப்படித் தர்றது? விலா தெரியுது பாருங்க. எடது கொம்பு வலது கொம்புக்குச் சமமா வளரல. இன்னும் கொஞ்சம் சரி பண்ண வேண்டியிருக்கு."

கிதைகா நிமிர்ந்தார். ஆட்டைச் சுற்றி வந்தார், கண்ணைச் சுருக்கினார். பெரியவர்களைப் பார்த்து மிகுந்த கவலையோடு சொன்னார்: "அத்தை சொல்றது நிஜம். ஒரு முடி அளவுக்கு வித்தியாசம் இருக்கு."

அன்றிலிருந்து நானும் சரி பண்ணிக்கொண்டே இருக்கிறேன். ஈஸ்டருக்குக் கேட்டார்கள், தாடி இன்னும் நிறையவில்லை என்றேன். அறுவடைக்குக் கேட்டார்கள், குளம்பைப் பாருங்கள் என்றேன். சேர்மன் உருண்டு திரண்டு வாசலில் படுத்திருக்கிறது, இன்னும் முடியவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முக்கால்வாசி ஆகிவிட்டது, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு நீங்களும் ஏதோ ஒன்றைப் பின்கட்டில் கட்டி வைத்துத் தீவனம் போடுகிறீர்கள் அல்லவா? அது என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்க வருகிறவர்களிடம் மட்டும், கொம்பு இன்னும் சமமாகவில்லை என்று சொல்லுங்கள்.