மாஸ்டர் எங்கே தின்கிறார்?

"முன்னூத்திப் பன்னிரண்டு!"

டைலரம்மா வாசித்த தோரணையில், சர்க்கரை பார்க்கிற மீட்டருக்கே கை கால் இருந்தால் நடுங்கியிருக்கும்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்க. எங்க தின்னீங்க? எதைத் தின்னீங்க?"

"நீ தட்டுல போட்டதைத்தான் தின்னேன். அதுவும் நீ அளந்து போட்டதை," என்றார் மாஸ்டர், குத்துப்பட்ட விரலைச் சூப்பிக்கொண்டே.

"நான் அளந்து போட்டதுக்கு நூத்தம்பதுதான் வரணும். மீதி எங்கேருந்து வந்துச்சு? காத்துலேருந்தா?"

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வயதிலேயே அவருடைய கணையம் கடையை இழுத்து மூடிவிட்டது. அன்றிலிருந்து இன்சுலின் ஊசிதான் உயிர். கல்யாணமான புதிதில் அவர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிற அழகை டைலரம்மா பார்த்தாள். கண்ணை மூடுவார், பல்லைக் கடிப்பார், ஊசி தோலைத் தொடுவதற்கு முன்பே "ஆ" என்பார். தெருமுனையில் சொந்தமாகத் தையல் கடை நடத்துகிறவளுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "தள்ளுங்க. ஊசி பிடிக்கிற லட்சணமா இது?" என்று அன்றைக்கே அந்த இலாகாவைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒரு வேளை தவறியதில்லை.

அப்படியிருந்தும் கொஞ்ச நாளாக எண் ஏறிக்கொண்டே போயிற்று. போன வாரம் கண் டாக்டர், "கண்ணுக்குப் பின்னால ரத்தக்குழாய் கசிய ஆரம்பிச்சிருக்கு. சர்க்கரையை அடக்கலைன்னா அப்புறம் பார்வைக்கு நான் பொறுப்பு இல்ல," என்று சொல்லிவிட்டார்.

மாஸ்டர் சிரித்து மழுப்பினார். டைலரம்மா வீடு வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பார்வை போன மனுஷன் யாருக்குக் கார் கற்றுக்கொடுப்பது? வேலை கிடக்கட்டும். புதுப் புடவை கட்டினால் ஏற இறங்கப் பார்த்து, "ம்… பரவாயில்ல" என்று சொல்ல அவளுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் கண்ணை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

சர்க்கரை டாக்டர் போனிலேயே ஊசி அளவைக் கூட்டிச் சொன்னார். கூட்டியும் எண் இறங்கவில்லை. அப்படியானால் திருட்டுத் தீனிதான், சந்தேகமே இல்லை.

முதல் வேலையாகச் சமையலறை அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைத் தன் அளவு டேப்பின் நுனியில் ஊக்குக் குத்தி மாட்டிக்கொண்டாள். டேப் எந்நேரமும் கழுத்திலேயே கிடப்பது. சாவி எங்கே போய்விடும்?

போய்விட்டது. மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு வேளை தள்ளிப்போனதில், மாஸ்டர் தொப்பலாக வியர்த்து, கை நடுங்க வீட்டுக்குள் வந்து விழுந்தார்.

"சர்க்கரை இறங்கிடுச்சு… சீக்கிரம்… இனிப்பா ஏதாவது குடு…"

டைலரம்மா கழுத்தைத் தடவினாள். டேப் இல்லை. காலையில் ஒரு கல்யாணப் பெண்ணின் துணிகளை மடித்துப் பொட்டலம் கட்டியபோது டேப்பும் சாவியும் சேர்ந்தே புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டன. இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பூட்டின் மேல் ஓங்கி அடித்தாள். பூட்டு அசையவில்லை. அலமாரியின் கைப்பிடி மட்டும் கழன்று அவள் கால்மேல் விழுந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர்தான் பழரசப் பாட்டிலோடு வந்து காப்பாற்றினார். ஒரு டம்ளர் போதும் என்று மாஸ்டர் கையைக் காட்டக் காட்ட, டீச்சர் பாட்டிலைக் கவிழ்த்தார். போதாக்குறைக்கு டைலரம்மா பயத்தில், டீச்சர் கூடவே கொண்டுவந்த பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்து ஊட்டினாள்.

சாயங்காலம் மீட்டர் முன்னூற்றுத் தொண்ணூறு காட்டியது.

"பாத்தீங்களா! எகிறிடுச்சு!"

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதானேம்மா ஊத்துனீங்க?"

"அது மத்தியானக் கணக்கு. நான் காலைக் கணக்கைக் கேக்கறேன்."

கணக்கு என்றதும், நலம் விசாரிக்க வந்திருந்த டீச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "லைசென்ஸ் வாங்குனவங்க சந்தோஷத்துல ஸ்வீட் பாக்ஸ் நீட்டுவாங்களே, மாஸ்டர் வேணாம்னா சொல்வாரு?" என்று கொளுத்திப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, டிரைவிங் ஸ்கூல் காரின் பின் சீட்டில் டைலரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன பண்றே?" என்று பல்லுக்கிடையில் கேட்டார் மாஸ்டர்.

"நானும் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன். இன்னைக்குச் சும்மா பாக்கறேன்."

அன்றைக்கு ஓட்டிப் பழக வந்தவர் ஒரு பல் டாக்டரம்மா. கியர் மாற்றும்போதெல்லாம் தன் பல்லையே பிடுங்குவது போல் முகம் சுளிப்பவர். நடுக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இமைக்காத இரண்டு கண்கள். அந்தக் கண்கள், முன்சீட்டுகளுக்கு நடுவே ரிப்பன் கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டியை விட்டு அகலவே இல்லை.

வளைவு வந்தது. பெட்டி சரிந்தது.

"மாஸ்டர், அதைக் கொஞ்சம் எடுங்களேன்," என்றார் பல் டாக்டரம்மா.

மாஸ்டர் கை பெட்டியைத் தொட்டதுதான் தாமதம். "கையை எடுங்க!" என்று ஒரு அலறல்.

பல் டாக்டரம்மா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். கார் நடைபாதையில் ஏறி, ஒரு குப்பைத்தொட்டியை ஆசையாக அணைத்துக்கொண்டு நின்றது. டைலரம்மா எதையும் பொருட்படுத்தாமல் பெட்டியைப் பறித்து ரிப்பனை அவிழ்த்தாள். உள்ளே பஞ்சின் மேல் இரண்டு பல் செட்டுகள் அவளைப் பார்த்து இளித்தன.

"பேஷன்ட்டுக்குக் குடுக்க வேண்டியது," என்றார் பல் டாக்டரம்மா அழாக்குறையாக. பிறகு இறங்கி, இனி ஆயுசுக்கும் பஸ்ஸிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி சுருக்கமாகப் பேசினார். "இன்னொரு தடவை உங்க வீட்டம்மா வண்டியில ஏறினா, நீங்க இறங்கிடுங்க மாஸ்டர்."

அன்று சாயங்காலம் மீட்டர் நானூறைத் தாண்டியது. மாஸ்டர் சட்டையைத் தூக்கிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டைலரம்மா ஊசியைப் போட்டாள். கை பிசகவில்லை. கண்தான் கலங்கிவிட்டது.

"நான் என்ன உங்களுக்கு எதிரியா? உங்க கண்ணு போயிடுமோன்னு பயமா இருக்குங்க."

அவர் திரும்பினார். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "எனக்கும்தான் பயமா இருக்கு. ஆனா நான் ஒண்ணும் தின்னலம்மா. உம்மேல சத்தியம்."

"சத்தியம் மீட்டர்ல காட்டலியே," என்று மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு நேர்லயே போயிடுவோம். இதை விடறதா இல்ல."

சர்க்கரை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சிஸ்டர் விசாரித்தார். புதிதாக வந்தவர், எதையும் நிதானமாகக் கேட்கிறவர். டைலரம்மா குற்றப்பத்திரிகையை முழுக்க வாசித்தாள்.

"வீட்டுல பூட்டியாச்சு, வேலையிடத்துலயும் சோதனை போட்டாச்சு சிஸ்டர். அப்படியும் ஏறுது. இவர் எங்க தின்கிறார்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"ஊசி ஒழுங்காப் போடறாரா?"

"அவர் எங்க போடறது? எல்லாம் நான்தான். வேளை தப்பாது, அளவு தப்பாது, இடம் தப்பாது."

சிஸ்டர் நிமிர்ந்தார். "இடமா? சார், சட்டையைத் தூக்குங்க."

தொப்புளுக்கு இடப்பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. சிஸ்டர் அதை அழுத்தினார். "வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர். அங்க குத்தினா ஒண்ணுமே தெரியாது," என்றார் மாஸ்டர்.

"வேற இடத்துல ஒரு தடவை குத்தினேன், ஊரையே கூட்டிட்டார். அன்னையிலேருந்து இத்தனை வருஷமா அதே புள்ளிதான். தையல்காரி கையாச்சே, ஒரு நூல் பிசகாது," என்றாள் டைலரம்மா பெருமையாக. "அது கிடக்கட்டும் சிஸ்டர். இவர் எங்க தின்கிறார், அதைச் சொல்லுங்க."

சிஸ்டர் அவளுடைய விரலைப் பிடித்து அந்தப் புடைப்பின் மேல் வைத்தார்.

"அவர் ஒண்ணும் தின்னலம்மா. ஒரே இடத்துல குத்திக் குத்தி நீங்க வளர்த்துவிட்ட இந்தக் கொழுப்புக் கட்டிதான், நீங்க போடற இன்சுலினை ரத்தத்துக்கு விடாம உக்காந்து தின்னுட்டிருக்கு."