துரை தந்த பீச்சஸ் டின்

பெம்பான்
14-5-1952

அன்புள்ள மச்சான் நவரட்ணத்துக்கு,

கனகரட்ணம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உமது தங்கை யோகமும் முள்ளுக்கம்பி வேலிக்குள்ளே சுகம். மலாக்காவில் உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் இறைவனை வேண்டுகிறேன். சுகம் என்று எழுதினது மரியாதைக்குத்தான். உண்மையில் எனக்கு வேலை போகப் போகுது.

நேற்றுக் காலை எங்கள் தோட்டத்துப் புதுத் துரை, வந்து மூன்று மாதமும் ஆகாத மனுசன், ஆபீசுக்குள் நுழைந்து நேரே என் மேசைக்கு வந்தார். காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, போன வாரம் அரசாங்க உத்தரவுப்படி தோட்டத்துச் சனங்கள் முந்நூறு பேரையும் வேலிக்குள்ளே குடிமாற்றினோம். அத்தனை பேருக்கும் அரிசிக் கார்டை இரண்டே நாளில் எழுதி முடித்தவன் நான். அதில் பிழை கண்டு கத்த வருகிறார் என்று எழுந்து நின்றேன். கத்தவில்லை ஐசே! ஒரு டின் பீச்சஸ் பழத்தை மேசையில் வைத்து, என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தாங்க் யூ, கனகரட்ணம்" என்றார். இருபத்திரண்டு வருசம் ஐந்து துரைமாரிடம் 'ஏ கிராணி' என்ற பெயரோடு கணக்கு எழுதிக் காலம் தள்ளினவன் நான். என் பெயர் இவருக்கு எதற்கு? வேலைநீக்கக் கடிதத்தில் எழுதத்தானே? இந்தத் தோட்டத்தில் துரை தன் கையால் பொருள் கொடுக்கிறது ஆளை அனுப்பும்போது மட்டும்தான். எனக்கு முன்னிருந்த இராஜரட்ணத்துக்குச் சுவர் மணிக்கூடு கொடுத்தார்கள், மறுநாள் அவர் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினார்.

எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. மத்தியானம் டின்னோடு வீட்டுக்கு வந்தால், வேலிக் கேட்டில் காவல் நிற்கிற செபாஸ்டியன் மறிக்கிறான். "கிராணி ஐயா, ஓட்டை போடாத டின் உள்ள போகக் கூடாது லா, ஓட்டை இருந்தாத்தான் சீக்கிரம் கெடும், இல்லாட்டி பத்திரமா காட்டுல இருக்கிற ஆளுங்களுக்குப் போயிரும். ரூல்ஸ் தெரியாதா?" அந்த ரூல்ஸைத் தமிழில் எழுதி ஒட்டினதே நான்தான்! துரை தந்தது என்றேன். "அப்படியா, எப்ப பயணம்?" என்று கேட்டுக்கொண்டே ஆணியால் இரண்டு குத்துக் குத்தினான் பாவி. பாகு வழிந்து வெள்ளைக் காற்சட்டையெல்லாம் பிசுபிசு. யோகம் டின்னைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கட்டிலுக்குக் கீழிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுத்தாள். பிறகு, "இந்தக் கோழியளை என்னப்பா செய்யிறது?" எண்டாள். எனக்கு அழுகை வந்திட்டுது மச்சான். வேலை போனால் வீடும் போகும். ஐம்பது வயசிலே ஆர் என்னைச் சேர்ப்பான்? நீர் வேலை பார்க்கிற கந்தோரில் ஒரு மூலையில் உட்கார ஒரு கதிரை இருந்தால் பெரிய மனசு பண்ணிச் சொல்லிவையும். கோழிகள் எட்டும் எங்களோடு வரும்.

உமது மனைவி பராசக்திக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் வீட்டில் ஒரு குறையும் வராமல் அம்பாள் பார்த்துக்கொள்ளட்டும்.

பெட்டி கட்டின கையோடு,
கனகரட்ணம்

பி.கு.: இதைத் தபாலில் போட மனம் வராமல் இரண்டு நாள் வைத்திருந்தன். நேற்றுத் துரையிடமே போய், "எந்தத் தேதி வீட்டைக் காலி பண்ண வேணும்?" எண்டு கேட்டிட்டன். மனுசன் முழிச்சார். "உன்னை அனுப்பினால் இந்த ஆபீசை நானா நடத்துவது? நன்றாகச் செய்தாய், சொல்லத் தோன்றியது, சொன்னேன்" எண்டார். இப்படியும் ஒரு வழக்கம் உலகத்திலே இருக்குதாம்! வேலை தேட வேண்டாம். எனக்கு மனம் குளிர்ந்துபோய், இன்று காலை ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டிலே, குடிமாற்றத்துக்கு ராப்பகலாச் சாமான் தூக்கின வீராசாமி கங்காணியின் கையைப் பிடிச்சு, எங்கட கோழி ஒன்றையும் குடுத்து, "நன்றி, வீராசாமி" எண்டன். அவன் என்னிடம் வேலை செய்யிற பதினைஞ்சு வருசத்திலே இதுதான் முதல்தரம் எண்டு அப்பத்தான் எனக்கே உறைச்சது, வெட்கமாப் போச்சு. இப்ப அவனும் பெண்சாதி பெத்தம்மாளும் மூட்டை முடிச்சோட, கோழியையும் பிடிச்சுக்கொண்டு, என் வாசல்ல நிக்கினம். "நான் என்னா தப்பு பண்ணேன் சாமி?" எண்டு அழுகிறான். வழக்கம்போல நாலு திட்டுத் திட்டினாத்தான் வேலை போகேல்லை எண்டு நம்புவான். போயிட்டு வாறன்.