உங்கள் அத்தை தீவைச் சுற்றிய விவரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதுவும் என்னைச் சேர்ந்ததுதான் என்பதால் தனியாகக் குறிப்பிடவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் முக்கியமான விஷயம். நீங்கள் ஆசைப்பட்டபடியே பதினான்காம் தேதிக் கப்பலில் நாங்கள் இருவரும் கிளம்பி, உங்களோடு நிரந்தரமாகவே இருக்க வந்துவிடுகிறோம். மாடி அறைக்கு வெள்ளையடித்து, குளியலறையில் நாங்கள் பிடித்துக்கொள்ளக் கம்பிகூட வைத்திருப்பதாக மகள் போனில் சொன்னாள். சொந்தப் பிள்ளை இருந்தாலும் இவ்வளவு செய்திருப்பானா என்பது சந்தேகம்தான். வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. பெட்டியும் கட்டியாகிவிட்டது.

அடுத்தது, நீங்கள் அனுப்பிய புத்தகம். இந்தக் குட்டித் தீவில் அவசியம் பார்க்க வேண்டிய ஏழு ஊர்கள் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. கிளம்பும் முன் இருவரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அன்போடு எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தீவின் ஒரே பஸ்ஸை இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவனுக்கு ஊர் காட்டப் புத்தகமா? கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். கலங்கரை விளக்கத்து ஊர் என்றால் இரண்டாவது கியர். உப்பளத்து ஊர் என்றால் இடப்பக்கம் பள்ளம். வலைக்கார ஊர் என்றால் குறுக்கே ஆடு. இதையெல்லாம் அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். அவள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே ஒரு படத்தைக் காட்டி, "வலைக்கார ஊர்ல அந்த மஞ்சக் கட்டடத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?" என்றாள். அங்கே நிறுத்தமே இரண்டு நிமிஷம், எனக்கு எப்படித் தெரியும்? "அப்ப வாங்க, போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டாள். இறங்கி அலைய வேண்டாம், உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லித்தான் ஏற்றினேன்.

என் இடத்தில் இப்போது ஒரு டிரைவரம்மா ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுகிறார், ஆனால் வளைவு வந்தால் என் கால் சும்மா இருக்கவில்லை, தரையைப் போட்டு மிதிக்கிறது. "ஐயா, அங்க பிரேக் இல்ல" என்று அவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. அந்த மானக்கேட்டோடு மூன்றாவது ஊரான வலைக்கார ஊர் வந்ததும், பழக்க தோஷம், இறங்கி டயரைத் தட்டிப் பார்க்கப் போனேன். எத்தனையோ வருஷமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்த வேலை. பின்டயருக்குக் குனிந்திருக்கும்போது பஸ் கிளம்பிவிட்டது. நான் ஏறாமல் அந்த பஸ் நகரும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை, மாப்பிள்ளை! உள்ளே அத்தை, அத்தை மடியில் பை, பைக்குள் என் போன், மூக்குக்கண்ணாடி, சாப்பாடு, உங்கள் புத்தகம். மலையோரச் சாலை குறுகல் என்பதால் பஸ் ஒரே திசையில்தான் சுற்றும், திரும்பி வராது. ஒரு சுற்று முடிய இரண்டு மணி பத்து நிமிஷம்.

வேறு வழியில்லாமல் மஞ்சள் கட்டடத்துக்குப் பின்னால் போனேன். நாலு படி, கால் உடைந்த இரண்டு நாற்காலி, அதற்கப்புறம் முழுக்கக் கடல். அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நான் ஓட்டிய காலத்தில் தினமும் நாலு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கள் தெருமுனையில் அத்தை தண்ணீர்ப் பாட்டிலோடு நிற்பாள், நான் ஜன்னல் வழியே வாங்கிக்கொண்டு போய்விடுவேன். இரண்டு மணி பத்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒருவழியாக பஸ் வந்தது. முன் சீட்டில் அத்தை, தலையெல்லாம் காற்றில் கலைந்து கிடக்கிறது. பயந்து அழுதிருப்பாளோ என்று ஓடினேன். "முதல் ரெண்டு வளைவு வரைக்கும் பதறினேங்க. அப்புறம் கடல் வந்துது, உங்களை மறந்துட்டேன். கடல் பக்கத்து ஜன்னல் இப்பத்தான் காலியாச்சு, இருங்க, இன்னொரு சுத்து போயிட்டு வரேன்" என்றாள். நான் வாயை மூடுவதற்குள் பஸ் கதவு மூடிவிட்டது.

அடுத்த சுற்றில்தான் என்னை ஏற்றிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது ஏறியிருக்கலாமே என்று கேட்டேன். "கல்யாணமான புதுசுல ஏறினேன். டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு போர்டைக் காட்டினீங்க. பேசாம வர்றதுக்கு எதுக்கு வரணும்னு விட்டுட்டேன்" என்றாள். எனக்கு நினைவே இல்லை. மற்றபடி வீண் அலைச்சல், இந்தத் தீவில் பார்க்கும்படி ஒன்றுமில்லை. ஆகவே துறைமுகத்துக்குப் பதினான்காம் தேதி வந்துவிடுங்கள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சண்டை வந்தாலும் சாப்பாட்டு வேளைக்குள் சமாதானமாகி, நீடூழி வாழ வேண்டும்.

அன்புள்ள
மாமனார்

பின்குறிப்பு: கீழே நாலு வரி எழுதச் சொல்லலாம் என்று இந்தக் கடிதத்தை அத்தையிடம் எடுத்துப் போனேன். பெட்டி திறந்து கிடக்கிறது, அவள் சேலைகளைப் பழையபடி கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். "மாப்பிள்ளை வீட்ல நமக்கு ஒரு குறையும் இருக்காது. ஆனா ஏழு ஊரையும் நான் ஜன்னல்லதாங்க பார்த்தேன், ஒண்ணுலயும் இறங்கல. உங்ககூட இறங்கணும்" என்றாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மறைப்பானேன், அழுதுவிட்டேன். வீட்டுக்காரரிடம் போய், காலி செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மேலே உள்ளதில் ஆசீர்வாதத்தைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தயவுசெய்து எங்களை மன்னிக்க வேண்டும். லீவு கிடைக்கும்போது நீங்களும் மகளும் வாருங்கள். எந்த ஊரில் இறங்கினால் என்ன பார்க்கலாம் என்று அதற்குள் உங்கள் அத்தையே சொல்வாள்.