வாசலில் இருந்த பழங்கல்

ஒரு காட்டில் அருங்காட்சியகம் இருந்தது. சிரிக்காதீர்கள். சிங்க ராஜா தன் தாத்தாவின் பல்லை வைக்க இடமில்லாமல் கட்டியது. அங்கே மூன்று காப்பாளர்கள். மூவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் ஆளுக்கொரு பட்டியல். கரடி பொருள்களை வாசனைப்படி எழுதியது; யானை எடைப்படி. மயில், தன்னைவிட அழகா இல்லையா என்று மட்டும் எழுதியது.

"எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து இணையத்துல போடுங்க. பக்கத்துக் காட்டுக்காரன் போட்டுட்டான்," என்று ராஜா உறுமியது.

வேலை குரங்கிடம் வந்தது. மூன்று பட்டியலிலும் ஒரே இடத்தில் இருப்பதாக எழுதியதெல்லாம் ஒரே பொருள்தான் என்று முடிவுகட்டிய குரங்கு, கணினியைத் தட்டிவிட்டு மரமேறிவிட்டது.

வாசல் காவலுக்கு ஓர் ஆமை. இருந்த இடத்தைவிட்டு அசையாத ஊழியர். அதையும் ஒரு பொருளென்று நினைத்துக் கரடி 'பாசி வாடை' என்றும், யானை 'நடுத்தரக் கனம்' என்றும், மயில் 'அழகில்லை' என்றும் எப்போதோ எழுதி வைத்திருந்தன. கணினி மூன்றையும் கூட்டி, 'பாசி படிந்த பழங்கல்' என்று படத்தோடு வெளியிட்டுவிட்டது.

மகள் கல்யாணத்துக்காக ஏரிக்குக் கிளம்பிய ஆமையை யானை தும்பிக்கையால் மறித்தது. "காட்சிப்பொருள் வெளியே போகக் கூடாது."

"ஐயா, நான் வாட்ச்மேன்! உயிரோட இருக்கேன்! நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம்!"

குரங்கு கணினியில் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. "வாசனைக்குக் கட்டம் இருக்கு, எடைக்கு இருக்கு, அழகுக்கு இருக்கு. உயிருக்குக் கட்டமே இல்லையே அண்ணே. புதுசா போடணும்னா உள்ள இருக்கிற எல்லாப் பொருளையும் விசாரிக்கணும்."

பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஆமை தேம்பித் தேம்பி அழுதது.

செய்தி ஏரிக்குப் போனது. மணப்பெண் விவரமானவள். இணையத்தில் அப்பாவின் படத்தைத் தேடிப் பிடித்தாள். கீழே 'கண்காட்சிகளுக்கு இரவல் தரப்படும்' என்றிருந்தது. 'பழங்கல் ஒன்று வேண்டும்' என்று எழுதிப் போட்டாள். உடனே அனுமதி வந்தது.

வருஷக்கணக்கில் கெஞ்சியும் ஒரு நாள் விடுப்பு கிடைக்காத ஆமை, வைக்கோல் மெத்தையில், யானை மேல், மயில் குடை பிடிக்கக் கல்யாண மண்டபத்தில் போய் இறங்கியது. மாப்பிள்ளை காலில் விழ வந்தபோது, "தொடாதே!" என்று கரடி அதட்டியது. யாரும் பார்க்காத நேரத்தில் ஆமை தலையை நீட்டி மகளை ஆசீர்வதித்தது.

அடுத்த மாதம் குரங்கு மூச்சிரைக்க ஓடி வந்தது. "அண்ணே, உயிருக்குக் கட்டம் போட்டாச்சு! சொல்லுங்க, உங்களுக்கு உயிர் உண்டா, இல்லையா?"

ஆமை வாயைத் திறந்தது. மகளுக்குத் தலைதீபாவளி வருவது நினைவுக்கு வந்தது. சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நீதி: உயிருள்ளவனுக்கு விடுப்பு கிடையாது. கல்லாகிவிடு, யானையே வந்து தூக்கிப் போகும்.