பேனரின் மூலையில் ஒரு பன்றி

ஒரு காட்டில் செல்போன் சிக்னல் ஒரே ஒரு பாறையின் மேல்தான் கிடைத்தது. அந்தப் பாறையைக் குத்தகைக்கு எடுத்ததுபோல விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தது ஒரு காட்டுப்பன்றி. பெயர் கிழங்குராசு.

அருவி பார்க்க வந்த யாரோ ஒரு புண்ணியவான், வழுக்கி விழுந்த அவசரத்தில் தன் கேமராவையும் செல்போனையும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மற்ற மிருகங்கள் இரண்டையும் முகர்ந்து பார்த்தன, தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்ததும் நகர்ந்துவிட்டன. கிழங்குராசு மட்டும் கவ்விக்கொண்டு வந்துவிட்டான். சார்ஜ் எப்படிப் போட்டான் என்று கேட்கிறீர்களா? மிருகங்கள் பேசுவதை நம்பிவிட்டீர்கள், சார்ஜையும் நம்பிவிடுங்கள்.

செல்போனுக்குள் ஒருவர் தினமும் வந்து, "வணக்கம் நண்பர்களே!" என்று ஆரம்பித்துப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் தன்னைத்தான் நண்பன் என்கிறார் என்று கிழங்குராசு முழுமனதாக நம்பினான். காட்டில் அவனை அப்படிக் கூப்பிட வேறு ஆள் கிடையாது, பாவம். அதனால் அவர் சொன்னதை எல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். உச்சிவெயிலில் படம் எடுக்காதே, கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி தெரியும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடு. ஆளைப் பிள்ளையார் மாதிரி நட்டநடுவில் வைக்காதே, கொஞ்சம் ஒதுக்கி நிறுத்து. பின்னணியை மங்கலாக்கு. கண்ணில் ஃபோகஸ் வை. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளதை உள்ளபடி எடு.

கடைசியாகச் சொன்னதுதான் அவனைக் கெடுத்தது.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. புல் கருகிப்போய், மான்கள் எல்லாம் விலா எலும்பு தெரிய நடமாடிக்கொண்டிருந்தன. மண்ணைக் கிளறிக் கிழங்கு தின்கிற கிழங்குராசு மட்டும்தான் கொழுகொழு என்று இருந்தான். அவன் உள்ளதை உள்ளபடி எடுத்த முதல் படம் சருகம்மா என்கிற புள்ளிமானுடையது. படத்தை வாங்கிப் பார்த்த சருகம்மா துள்ளி எழுந்தாள்.

"ஏவே, இது நான் உசுரோட இருக்கும்போது எடுத்ததா, செத்த பெறகு எடுத்ததா?"

"வெளிச்சம் எப்படி விழுந்திருக்குன்னு பாருங்கக்கா."

"வெளிச்சத்துல தீயை வைக்க! என் உண்ணி கூட ஒண்ணொண்ணாத் தெரியுதே!"

ஃபோகஸ் அவ்வளவு துல்லியமாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அதன்பிறகு யாரும் பாறைப் பக்கம் வரவில்லை. கிழங்குராசுவைக் கண்டாலே மான்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயின.

அவன் மறுபடி செல்போனைத் திறந்தான். நண்பர் இப்போது எடிட்டிங் பாடத்துக்கு வந்திருந்தார். உள்ளதை உள்ளபடி எடு என்று சொன்ன அதே வாயால், இல்லாததை எப்படிச் சேர்ப்பது, இருப்பதை எப்படி அழிப்பது என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். எலும்பு தெரிந்தால் தேய். கன்னம் ஒட்டியிருந்தால் இழு. தோல் வறண்டிருந்தால் பளபளப்பை ஏற்று. கிழங்குராசு மூக்கு நுனியாலேயே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான். விரலால் செய்கிறவனுக்குக்கூட அந்த நயம் வராது.

சருகம்மாவின் படத்துக்கு அவன் சதை போட்டான், உண்ணிகளைப் பொறுக்கி எடுத்தான், தோலில் எண்ணெய் தேய்த்துக் குளித்த மினுமினுப்பைக் கொண்டுவந்தான். சருகம்மா அதைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இப்பத்தாம்லே நீ உள்ளபடி எடுத்திருக்க" என்றாள்.

மறுநாள் பாறையடியில் வரிசை நின்றது. கிழங்குராசுவுக்கு நிற்க நேரமில்லை, முகர நேரமில்லை. ஆனால் உள்ளுக்குள் அவனுக்கு வெட்கமாக இருந்தது. எடுத்த படம் ஒன்றையாவது யாராவது பார்த்துவிட்டு, "இது அப்படியே அந்த ஆள்தான்வே" என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கினான். அந்த ஏக்கத்தில், ஒருநாள் காலை வெயிலில் கேமராவைப் பாறை இடுக்கில் செருகிவைத்துத் தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டான். காதோரத்து மரு, கழுத்து மடிப்பு, பிடரி மயிரில் ஒட்டியிருந்த சேறு, தொங்குகிற வயிறு, எல்லாம் அப்படியே. அதில் ஒரு புள்ளியைக்கூட அவன் தொடவில்லை. தினமும் எடுத்து ஒருதரம் பார்த்துக்கொள்வான்.

இந்தச் சமயத்தில்தான் காட்டின் ராஜாவான உறுமநாதருக்குக் கடைசிப் பல்லும் விழுந்தது.

உறுமநாதர் வயசான புலி. பல் போகப் போக மான்களுக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே வந்தது. இப்போது அவர் தேன்கூடு நக்கியும் பழங்களை மசித்தும் காலம் தள்ளுகிறார். இதைவிட நல்ல ராஜா எங்கே கிடைப்பார்? ஆனால் ஓடைக்கு மேற்கே இருந்த காட்டில் ஓர் இளம்புலி இருந்தான். இங்கே ராஜாவுக்குப் பல் இல்லை என்ற சேதி ஓடையைத் தாண்டினால் அவ்வளவுதான், அவன் வந்து குடியேறிவிடுவான்.

மான்களின் தலைவர் கொம்புராசா பாறைக்கு வந்தார்.

"தம்பி கிழங்கு, அய்யாவுக்குப் பொறந்தநாள்னு ஒரு பேனர் வைக்கணும். ஓடைக்கரையில. மேற்கத்திக்காரன் பார்த்த உடனே கால் நடுங்கணும்."

"செஞ்சிருவோம் அண்ணாச்சி. அய்யா முகத்தை மட்டும் பெருசா வைப்போம். வாயை நல்லாத் திறந்து, பல்லு தெரியுற மாதிரி. வேற ஒண்ணும் வேண்டாம். ஒரே முகம்னாத்தான் பயம் வரும்."

கொம்புராசா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வேற ஒண்ணும் வேண்டாமா? அப்ப பேனர் வச்சது யாருன்னு எப்படித் தெரியும்?"

"யாருக்குத் தெரியணும்? மேற்கத்திப் புலிக்கா?"

"நீ சின்னப்பய. ஊர்ல ஒரு பேனராவது பார்த்திருக்கியா? கீழ எங்க முகம் எல்லாம் வட்டம் வட்டமா வரணும். கும்பிட்ட மாதிரி. பேரு போடணும். பேருக்குக் கீழ இருக்கிற இடம் போடணும். இல்லைன்னா வேற கூட்டத்துக்காரன் தான் வச்சதாச் சொல்லிக்கிடுவான்."

கிழங்குராசு எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. அதற்குள் சேதி பரவி, காட்டில் உள்ள மான், மிளா, முயல் எல்லாம் பாறையடியில் கூடிவிட்டன. என் வட்டம் அவன் வட்டத்தைவிடச் சின்னதாக இருக்கிறது என்று ஒரு சண்டை. என் கொம்பை அவள் காது மறைக்கிறது என்று இன்னொரு சண்டை. "எனக்குத் தொடையும் சேர்த்து வருமா?" என்று கேட்டது ஒரு முயல். சருகம்மா தனியாக வந்து காதோடு சொன்னாள்: "எல்லாருக்கும் போட்டதைவிட எனக்கு ஒரு சுத்துச் சதை கூடப் போடுலே."

அவன் போட்டான். எல்லோருக்கும் போட்டான். எலும்பும் தோலுமாக நின்ற ஒரு காடே அவன் மூக்கு நுனியில் கொழுத்து, சிவந்து, மினுமினுத்தது. உறுமநாதருக்கு இரண்டு காளையின் உடம்பும் வாய்கொள்ளாத பல்லும் வைத்தான். உறுமநாதர் படத்தைப் பார்த்துவிட்டுப் பயந்து இரண்டடி பின்வாங்கி, "யாருப்பா இவரு?" என்று கேட்டார்.

வேலை முடிந்ததும் மூலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. கிழங்குராசு அதில் தன் படத்தை வைத்தான். எடிட் பண்ணாத அதே படம். 'படம், வடிவமைப்பு: கிழங்குராசு, சிக்னல் பாறை.' இத்தனை பொய்க்கு நடுவில் ஒரு மூலையிலாவது நிஜம் இருக்கட்டும் என்று நினைத்தான். மனசு லேசானது.

குரங்குகள் அதை ஊருக்குக் கொண்டுபோய் அச்சடித்து வந்தன. கிளம்பும்போது கொம்புராசா கடைசியாக ஒரு திருத்தம் சொல்லியனுப்பியிருந்தார். ஊரில் அவர் பார்த்த எல்லா பேனரிலும் அது இருந்ததாம். அதனால் உறுமநாதரின் தலைக்கு மேலே, கொட்டை எழுத்தில், 'அனைவரும் வருக! வருக!' என்று இருந்தது.

பேனர் வைத்த மறுநாள் காலையிலேயே இளம்புலி வந்துவிட்டான். பேனரை அவிழ்த்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நாக்கைச் சுழற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தான்.

அவன்மேல் குற்றமில்லை. மேற்குக் காட்டின் ஓரத்தில் மலைச்சாலை போகிறது. சாலையோரத்தில் சாப்பாட்டுக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் இதேபோல ஒரு பேனர். மேலே முதலாளி சிரித்துக்கொண்டிருப்பார். கீழே வட்டம் வட்டமாக வறுத்த மீன், பொரித்த கோழி, பேரோடு இருக்கும். உச்சியில் 'வருக, வருக.' அவன் பிறந்ததிலிருந்து பார்த்த பேனரெல்லாம் அதுதான்.

உறுமநாதர் குகை வாசலில் பலாச்சுளையை மசித்துக்கொண்டிருந்தார். இளம்புலி பேனரை விரித்துக் காட்டினான்.

"பெரியவரே, இந்த முதலாளி எங்க? கடைக்காரரே இந்த உடம்பு இருந்தாருன்னா சாப்பாடு எப்படி இருக்கும்!"

"எனக்குத் தெரியாது தம்பி. இப்படி ஒரு ஆளை நான் இந்தக் காட்டுல பார்த்ததில்லை" என்றார் உறுமநாதர். பொய்யும் இல்லை. அந்தப் படத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இளம்புலி பேனரின் வட்டங்களில் இருந்த இடத்துக்கெல்லாம் நேராகப் போனான். முகவரிதான் பேருக்குக் கீழே இருக்கிறதே. மூங்கில் புதரில் கொம்புராசா மாட்டிக்கொண்டார். புலி படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"வே, இங்க கொம்புராசான்னு ஒருத்தர் இருக்காராமே. நல்லா உருண்டு திரண்டு இருப்பாராம்."

கொம்புராசா தலையைத் தாழ்த்திக் கொம்பை மூங்கிலுக்குள் மறைத்துக்கொண்டார். "அவரு... அவரு வெளியூர் போயிருக்காருங்க."

"நீரு?"

"நான் சும்மா. காவலுக்கு."

"உம்மைத் தின்னா எனக்குப் பல்லிடுக்கு வலிதான் மிச்சம். போம்."

சருகம்மாவிடமும் அதே கதைதான். அவள் தன் படத்தைத் தானே பார்த்து, "இவ ரொம்பத் திமிர் பிடிச்சவ, வீட்டுல தங்க மாட்டா" என்று சொல்லிவிட்டாள். முயல் எந்தக் கேள்விக்கும் காத்திராமல், "தொடையா? எனக்கா?" என்று அழுதது. இளம்புலிக்கு வீட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். அப்படி வந்தவனுக்குப் படத்தில் உள்ளதுதான் வேண்டும், எதிரே உள்ளது ஆகாது.

கிழங்குராசு பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்தான். முதலில் அவனுக்கு உயிரே இல்லை. பிறகு மெல்ல மெல்லப் பெருமை ஏறியது. தன் எடிட்டிங்கே இத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டதே! கதையை இங்கே முடித்திருந்தால் எல்லோருக்கும் சுகம்.

இளம்புலி களைத்துப்போய் அதே பாறையடியில் வந்து உட்கார்ந்தான். பேனரைத் தரையில் வீசினான்.

"எவன்லே இந்தப் படத்தை எடுத்தவன்? இம்புட்டுப் படத்துல ஒண்ணாவது நெசமா? கேமரா பிடிக்கத் தெரியாத பய!"

மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் கிழங்குராசு பொறுத்துக்கொண்டிருப்பான். கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. வாயை மூடிக்கொண்டு இரு என்று புத்தி சொன்னது. ஆனால் கலைஞனின் கால் புத்தி சொல்வதைக் கேட்குமா? அது தானாக எழுந்து பாறைக்கு முன்னால் வந்து நின்றது.

"அண்ணாச்சி, ஒண்ணு நெசம். மூலையில பாருங்க."

இளம்புலி மூலையைப் பார்த்தான். பிறகு அவனைப் பார்த்தான். எழுந்து வந்து, பேனரை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான்.

"காதோரத்து மரு?"

"இருக்கு பாருங்க."

"கழுத்து மடிப்பு?"

"அப்படியே விட்டிருக்கேன். தேய்க்கவே இல்லை."

"இந்த வயிறு?"

"சொந்த வயிறு அண்ணாச்சி! ஒரு புள்ளிகூடத் தொடலை. காலை வெயில், பக்கத்துல இருந்து வாங்கினது."

இளம்புலியின் கண் கலங்கிவிட்டது. "இது அப்படியே நீதாம்வே" என்றான். "இந்தக் காட்டுலேயே நெசமானவன் நீ ஒருத்தன்தான்."

எத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான்! கிழங்குராசுவுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டான். மீதியைப் பார்க்க அவன் இல்லை.

இளம்புலி திருப்தியாக ஏப்பம் விட்டுவிட்டு, சொன்ன சொல் தவறாத இடம் இது ஒன்றுதான் என்று பாறையை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு, ஓடையைத் தாண்டிப் போனான்.

மான்கள் உண்மையாகவே அழுதன. கொம்புராசா ஓடைக்கரையில் அதே இடத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். எடிட்டிங்கைக் குரங்கு பார்த்துக்கொண்டது. மரு இருந்தால் நன்றாக இருக்காது என்று மருவை எடுத்தார்கள். வயிற்றைக் குறைத்தார்கள். கலரை ஏற்றினார்கள். கடைசியில் யாருடைய அஞ்சலி என்று யாருக்கும் தெரியவில்லை. கீழே வட்டம் வட்டமாகத் தங்கள் முகங்களை வைத்துக்கொண்டார்கள். சருகம்மாவுக்கு இந்தத் தடவை இன்னொரு சுற்றுச் சதை.

நீதி: நாட்டில் ஒருவனாவது தன் உண்மை முகத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம்பி வந்த விருந்தாளி பசியோடு திரும்பிப்போக வேண்டியிருக்கும்.