சிக்னோர் தங்கத்துரை

இனி ஒருத்தனும் தன்னை "நீ" என்று கூப்பிடக் கூடாது. தங்கத்துரை முடிவெடுத்துவிட்டார். முடிவெடுத்த இடம் கனடாவில், அவருடைய ஸ்காபரோ வீட்டுக் குசினி. காரணம், பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் டொமெனிக்கோ.

டொமெனிக்கோ கராஜுக்குள் வைன் வடிக்கிறவர். பேச்சு பாதி இங்கிலிஷ், பாதி இத்தாலி. சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே சீட்டாட்டம் நடக்கும், வைனும் ஓடும். பனியனோடு நாலு கிழவர்கள் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு இருப்பார்கள். அதில் ஒருவர் தங்கத்துரை. அவருக்கு நீரிழிவு என்கிற சீனி வருத்தம். அது வீட்டில்தான். கராஜுக்குள் ஒரு வருத்தமும் இல்லை.

மனைவி புஸ்பராணி பல வருடம் இத்தாலிக்காரர் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவள். அந்தப் பாஷை அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே அவள்தான் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, டொமெனிக்கோ உங்களை 'து' எண்டெல்லே கூப்பிடுறார்."

"அதுக்கென்ன?"

"'து' எண்டால் எங்கட 'நீ'. மரியாதைக்கு 'லெய்' எண்டு வேற இருக்கு."

"என்னை நீ எண்டுறானோ? ஊரிலை கந்தோரிலை வேலை செய்யேக்கை பெரியவரே என்னை 'நீர்' எண்டுதான் கதைச்சவர். உவன் சொல்லுறது துப்புற மாதிரியெல்லே கிடக்கு."

"அதுதானே. கேக்க எனக்கே அந்தரம்."

"நீ ஏன் முந்திச் சொல்லேல்லை?"

கல்யாணம் கட்டிய நாள் முதல் புஸ்பராணியை அவர் நீ என்றுதான் கூப்பிடுகிறார். அது வேறு விஷயம்.

"நேரை போய் 'மி தியா தெல் லெய்' எண்டுங்கோ. மரியாதை தந்து கதை எண்டு அர்த்தம். சிரிக்காமல் சொல்லோணும்."

தங்கத்துரை சிரிக்கிற ஆளில்லை. சனிக்கிழமை போனார். முதல் கிளாஸ் வரமுன்னமே நின்றபடி சொன்னார். சீட்டு நின்றது. டொமெனிக்கோ எழும்பினார். ஆணியில் கிடந்த சேர்ட்டை எடுத்துப் போட்டு, கழுத்து வரை பொத்தான் பூட்டினார். "ஸ்கூசி, சிக்னோர் தங்கத்துரை" என்று தலை குனிந்தார். தெரு வரை கூட வந்து, கை குலுக்கி அனுப்பிவைத்தார்.

தங்கத்துரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தன் வீட்டு வாசலில் நின்ற பிறகுதான், ஏன் வீட்டுக்கு வந்தோம் என்று யோசித்தார்.

அடுத்த சனி. டொமெனிக்கோ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். உள்ளே போய்விட்டார். சிரிப்புச் சத்தம் வந்தது. வைன் வாசமும் வந்தது. கூப்பிடுகிற சத்தம் மட்டும் வரவில்லை.

"உவன் ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"சிக்னோரை ஆராவது கராஜுக்கை கவிட்டு வைச்ச வாளியிலை இருத்துவினமோ? கிறிஸ்மஸுக்கு வாசலிலை கேக் கொண்டுவந்து வைப்பினம்."

"அப்ப பழையபடி நீ எண்டே சொல்லச் சொல்லு."

"கேட்டு வாங்கின மரியாதையைத் திருப்பிக் குடுக்கிறதோ? அந்தாள் பயந்துபோய்க் கிடக்குது."

"உதெல்லாம் உனக்கு முதலே தெரியுமோ?"

"குடிக்காதேங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். நானும் சொன்னனான். ஆரின்ரை சொல்லைக் கேட்டனீங்கள்?"

தங்கத்துரைக்கு உச்சி கொதித்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். மணி அடித்தது. கதவைத் திறந்தால் டொமெனிக்கோ. கையில் தொப்பி. ஒவ்வொரு இங்கிலிஷ் சொல்லையும் அயர்ன் பண்ணிச் சொன்னார்.

"மன்னிக்க வேண்டும், சிக்னோர். சீட்டுக்கு ஒரு ஆள் குறைகிறது. தங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால், ராணியைக் கூட்டிப் போகலாமா?"

தங்கத்துரை யோசித்து முடிக்கமுன் புஸ்பராணி செருப்பைக் கொழுவிவிட்டாள்.